அமெரிக்க ஜனாதிபதிகளின் கட்சி வரிசையை வாசிகசாலைச் சுவரில் ஏற்றுவது எப்படி

உயர்தரத்தில் அரசறிவியல் எடுத்த பிள்ளைகளிடம் ஆபிரகாம் லிங்கன் எந்தக் கட்சி என்று கேட்டால், ஜனநாயகக் கட்சி என்ற விடை அடிக்கடி வரும். அடிமைகளை விடுவித்தவர், ஒபாமாவின் கட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கணக்கு அது. லிங்கன் குடியரசுக் கட்சியின் முதலாவது ஜனாதிபதி. இன்றைய கட்சியின் குணத்தை நூற்றைம்பது வருடம் பின்னால் கொண்டுபோய் ஒட்டுவதால் வரும் பிழை இது. பெயர்ப் பட்டியலைப் பாடமாக்கினால் இந்தப் பிழை போகாது. காலத்தை நீளமாக்கி, கட்சியை நிறமாக்கி, குணத்தைச் செயலாக எழுதி ஒரு பட்டியைச் சுவரில் ஒட்டினால் போகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் பக்கத்து வாசிகசாலையோ ரியூசன் கொட்டிலோ, நாலு அட்டையும் ஒரு சனி ஞாயிறும் இருந்தால் செய்து முடிக்கலாம்.

அளவும் அட்டையும்

வாஷிங்டன் பதவியேற்றது 1789. இப்போதைய பதவிக்காலம் முடிவது 2029 ஜனவரி. இடையில் சரியாக 240 வருடம். வருடத்துக்கு 1 செ.மீற்றர் என்று வைத்தால் பட்டியின் நீளம் 240 செ.மீற்றர். அதை 60 செ.மீற்றர் நீளமான நாலு அட்டையாகப் பிரியுங்கள்: 1789 முதல் 1849, 1849 முதல் 1909, 1909 முதல் 1969, 1969 முதல் 2029. இந்த மூன்று பொருத்துகளும் ஆள் மாறும் வருடங்களில்தான் விழுகின்றன. 1849 இல் போல்க் போய் டெய்லர் வந்தார், 1909 இல் தியோடர் ரூஸ்வெல்ற் போய் டாஃப்ற் வந்தார், 1969 இல் லிண்டன் ஜோன்சன் போய் நிக்சன் வந்தார். ஆகவே எந்த ஜனாதிபதியும் இரண்டு அட்டையில் பிளவுபடமாட்டார். கண்டபடி வெட்டினால் இந்த வசதி கிடைக்காது.

பிறிஸ்டல் போட் வாங்கும்போது அடிமட்டத்தைக் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். நீளம் 60, உயரம் 45 செ.மீற்றருக்குக் குறையக் கூடாது. டிமைத் தாள் நீளத்தில் கொஞ்சம் குறையும், மாரிக் காற்றில் சுருளவும் செய்யும். சுவர் 5 மீற்றருக்கு மேல் வெறுமையாக இருந்தால் வருடத்துக்கு 2 செ.மீற்றர் என்று இரட்டிப்பாக்குங்கள். எழுத இடம் தாராளமாகக் கிடைக்கும்.

45 செ.மீற்றர் உயரத்தை மேலிருந்து கீழாக இப்படிப் பிரிக்கலாம்: ஆண்டுக் கோட்டுக்கு 3, கட்சி நிறத்துக்கும் பெயருக்கும் 8, குண வரிசை நாலுக்கும் தலா 7, அடியில் இலங்கை வரிசைக்கு 6. கோடுகளை முதலில் பென்சிலால் நாலு அட்டையிலும் ஒரே உயரத்தில் இழுத்துவிட்டுப் பிறகு பேனை பிடியுங்கள். ஒவ்வோர் அட்டையாக முடித்துக்கொண்டு போனால் கடைசியில் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

ஆண்டு எல்லையில் ஒரு சிக்கல் உண்டு. 1933 வரை புதிய ஜனாதிபதி பதவியேற்றது மார்ச் 4 ஆம் திகதி (வாஷிங்டனின் முதற் பதவியேற்பு மட்டும் ஏப்ரல் 30). 1937 முதல் ஜனவரி 20. அந்த மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பார்க்கவேண்டியதில்லை. ஒவ்வொரு செ.மீற்றர் கோட்டையும் அந்த வருடத்துப் பதவியேற்பு நாளாக எடுத்தால் போதும். ஆனால் இடையில் இறந்தவர்களையும் விலகியவரையும் அளந்து வெட்ட வேண்டும். எட்டுப் பேர் பதவியில் இறந்தார்கள், அதில் நாலு பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் விலகினார். டெய்லருக்கு 1.3 செ.மீற்றர், லிங்கனுக்கு 4.1, கார்ஃபீல்டுக்கு 0.5, மக்கின்லிக்கு 4.5, ஹார்டிங்குக்கு 2.4, பிராங்ளின் ரூஸ்வெல்றுக்கு 12.1, கெனடிக்கு 2.8, விலகிய நிக்சனுக்கு 5.6. வில்லியம் ஹரிசன் 1841 இல் 31 நாள்தான் இருந்தார். அவருக்கு ஒரு மில்லிமீற்றர் கூட வராது, ஒரு தடித்த கோடு போட்டுப் பெயரை மேலே எழுதிவிடுங்கள். பெயர்களை எல்லாம் நெடுக்காக எழுதுவது நல்லது, 4 செ.மீற்றரில் கிடையாக எழுதினால் முட்டிக்கொள்ளும்.

நிறம் பூசுதல்

இன்றைய தொலைக்காட்சி வழக்கப்படி குடியரசுக் கட்சிக்குச் சிவப்பும் ஜனநாயகக் கட்சிக்கு நீலமும் எடுங்கள். ஆனால் பக்கத்திலே நிற விளக்கத்தைப் பெரிதாக எழுதுங்கள். இந்த நிறப் பங்கீடு நிலைத்தது 2000 ஆம் ஆண்டுத் தேர்தலோடுதான். அதற்கு முன் தொலைக்காட்சிகள் ஆளுக்கொரு மாதிரி மாற்றிப் போட்டன. எங்கள் பக்கத்தில் சிவப்பு என்றால் இடதுசாரி, நீலம் என்றால் சுதந்திரக் கட்சி என்று கண் பழகியிருக்கிறது. அதே தொல்லை சின்னத்திலும் வரும்: இங்கே யானை ஐக்கிய தேசியக் கட்சி, அங்கே யானை குடியரசுக் கட்சி, கழுதை ஜனநாயகக் கட்சி. அமெரிக்க யானையைப் பிரபலமாக்கியது தோமஸ் நாஸ்ற் 1874 இல் வரைந்த கேலிச்சித்திரம். தேர்தல் ஆணைக்குழு ஒதுக்கிய சின்னம் அல்ல. சின்னம் ஒட்டாமல் விட்டால் இன்னும் நல்லது.

மிச்ச நிறங்கள்: வாஷிங்டனுக்கு வெள்ளை, அதாவது ஒன்றும் பூசாமல் விடுங்கள். அவர் எந்தக் கட்சியும் இல்லை, 1796 பிரியாவிடை உரையில் கட்சிப் பிளவைப் பற்றி எச்சரித்தும் போனார். ஜோன் அடம்ஸுக்கு மண்ணிறம், பெடரலிஸ்ற் கட்சியின் ஒரே ஜனாதிபதி. ஜெபர்சன், மடிசன், மொன்றோ, ஜோன் குயின்சி அடம்ஸ் நாலு பேருக்கும் பச்சை, அவர்களின் கட்சிக்கு ஜனநாயகக் குடியரசுக் கட்சி என்று பெயர். விக் கட்சிக்கு மஞ்சள்.

பச்சைக்காரரின் கட்சியைச் சிலர் இன்றைய குடியரசுக் கட்சியின் முன்னோடி என்று நினைத்துச் சிவப்பைப் பூசிவிடுவார்கள். ஜெபர்சனின் கட்சி 1820 களில் உடைந்தது. 1824 தேர்தலில் போட்டியிட்ட நாலு பேரும் அந்த ஒரே கட்சிக்காரர். ஜக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்கு (மாநிலவாரியாக ஜனாதிபதியைத் தெரிவு செய்பவர்களின் வாக்கு), குயின்சி அடம்ஸுக்கு 84, குரோபோர்டுக்கு 41, கிளேக்கு 37. ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லாததால் பிரதிநிதிகள் சபை அடம்ஸைத் தெரிவு செய்தது. தோற்ற ஜக்சனின் ஆட்கள் கட்டியெழுப்பியதுதான் இன்றைய ஜனநாயகக் கட்சி. இன்றைய குடியரசுக் கட்சி 1854 இல் புதிதாகப் பிறந்தது. அடிமை முறை மேற்கே பரவுவதை எதிர்த்தவர்களும், சிதறிய விக் கட்சியின் பெரும் பகுதியும் அதில் சேர்ந்தார்கள்.

இரண்டு பேருக்கு ஒற்றை நிறம் பூசக் கூடாது. ஒருவர் ஜோன் டைலர். விக் கட்சியின் உப ஜனாதிபதியாக வந்தவர், ஹரிசன் இறந்ததும் ஜனாதிபதியானார். தேசிய வங்கிச் சட்டமூலத்தை இரண்டு முறை வீற்றோ செய்ததால் (கையொப்பமிட மறுத்துத் தடுத்ததால்) 1841 செப்ரெம்பரில் கட்சியை விட்டே துரத்தினார்கள். முதல் அரைச் செ.மீற்றர் மஞ்சள், மீதி மூன்றரைக்கு மஞ்சள் கோடு மட்டும். மற்றவர் அன்ட்ரூ ஜோன்சன். 1864 இல் லிங்கன் தேசிய ஒன்றியக் கட்சி என்ற பெயரில் போட்டியிட்டபோது, யுத்தத்தில் ஒன்றியத்தின் பக்கம் நின்ற தெனசி மாநிலத்து ஜனநாயகக் கட்சிக்காரரான இவரைத் துணைக்குச் சேர்த்தார். லிங்கன் சுடப்பட்டதும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்த காங்கிரஸும் (அமெரிக்கப் பாராளுமன்றம்) ஜனநாயகக் கட்சி ஜனாதிபதியும் நேருக்கு நேர். 1866 இல் சிவில் உரிமைகள் சட்டத்தை வீற்றோ செய்தார், காங்கிரஸ் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அதைத் தள்ளிவிட்டது. 1868 இல் குற்றப் பிரேரணை செனற்றில் 35 க்கு 19. மூன்றில் இரண்டுக்கு ஒரு வாக்குக் குறைந்ததால் பதவி தப்பியது. இவருக்கு நீலமும் சிவப்பும் சரிவுக் கோடாகப் போடுங்கள், எண்ணும்போது நீலத்தில் சேருங்கள்.

பூசி முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். ஜனாதிபதி வரிசை இலக்கம் 47, ஆட்கள் 45. கிளீவ்லன்ட் 22 ஆவதும் 24 ஆவதும், ட்ரம்ப் 45 ஆவதும் 47 ஆவதும் என்பதால் இரண்டு குறையும். ஆட்கணக்கில் குடியரசுக் கட்சி 19, ஜனநாயகக் கட்சி 16, விக் 4, பச்சை 4, பெடரலிஸ்ற் 1, கட்சியற்றவர் 1. கூட்டுத்தொகை 45 வராவிட்டால் எங்கோ பிழை. அது பெரும்பாலும் ஒரே பெயர்க்காரரில் கிடக்கும். இரண்டு அடம்ஸில் தகப்பன் பெடரலிஸ்ற், மகன் பச்சை. இரண்டு ஹரிசனில் பாட்டனார் விக், பேரன் குடியரசுக் கட்சி. இரண்டு ரூஸ்வெல்றில் தியோடர் சிவப்பு, பிராங்ளின் நீலம். டைலரையும் டெய்லரையும் தமிழில் எழுதும்போது கை தானாக மாற்றி எழுதும், இருவரும் விக் என்பதால் நிறத்தில் அது தெரியவும் வராது.

குணத்தை எழுதுவது

பட்டியின் உயிர் இங்கேதான். "பழமைவாதி", "முற்போக்கு" என்று ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள். 1830 இலும் 1930 இலும் அந்தச் சொற்களுக்கு ஒரே பொருள் இல்லை. நாலு வரிசைக்கும் நாலு கேள்வி வையுங்கள்: மத்திய அரசின் கையை நீட்டினாரா மடக்கினாரா? இறக்குமதித் தீர்வையைக் கூட்டினாரா குறைத்தாரா? இன உரிமையிலும் குடியுரிமையிலும் என்ன செய்தார்? வெளிநாட்டில் என்ன செய்தார்? விடையாக வருடமும் ஒரு செயலும் மட்டும் எழுதுங்கள். ஒரு சட்டம், ஒரு வீற்றோ, ஒரு கட்டளை. மேடைப் பேச்சை எழுதவேண்டாம். மத்திய அரசு சிறிதாக இருக்க வேண்டும் என்று பேசிய ஜெபர்சன்தான் 1803 இல் 15 மில்லியன் டொலருக்கு லூசியானாவை வாங்கி நாட்டை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்.

முதல் வரிசைக்கு எங்கள் கமக்காரருக்கு உடனே விளங்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1887 பெப்ரவரியில் வரட்சியில் அழிந்த டெக்சாஸ் விவசாயிகளுக்கு விதைதானியம் கொடுக்கக் காங்கிரஸ் 10,000 டொலர் ஒதுக்கியது. கிளீவ்லன்ட் அதை வீற்றோ செய்தார். மக்கள் அரசாங்கத்தைத் தாங்க வேண்டுமே தவிர அரசாங்கம் மக்களைத் தாங்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். பட்டியில் 46 செ.மீற்றர் தள்ளி, 1933 இல், பிராங்ளின் ரூஸ்வெல்ற் பயிர்ச்செய்கையைக் குறைப்பதற்கே விவசாயிக்குப் பணம் கொடுக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1935 இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம். இருவரும் ஜனநாயகக் கட்சி. விதைநெல் மானியமும் உர மானியமும் வருமா வராதா என்று பார்த்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த இரண்டு பெட்டியும் போதும், கட்சிப் பெயர் குணத்தைச் சொல்லாது என்று விளங்கிவிடும்.

சிவப்பிலும் அப்படித்தான். தியோடர் ரூஸ்வெல்ற் 1906 இல் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நிக்சன் 1970 இல் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தை உருவாக்கினார், 1971 ஓகஸ்ற்றில் சம்பளத்தையும் விலையையும் 90 நாள் உறையவைத்தார். அதே கட்சியின் றீகன் 1981 இல் வரியை வெட்டினார்.

இன உரிமை வரிசையை நிரப்பக் கூடிய நேரம் எடுங்கள், கட்சிகள் இடம் மாறியது இங்கேதான் தெரியும். லிங்கன் 1863 விடுதலைப் பிரகடனம் (சிவப்பு). வில்சன் 1913 முதல் மத்திய அரச அலுவலகங்களில் கறுப்பரைப் பிரித்துவைக்க அனுமதித்தார் (நீலம்). ட்றூமன் 1948 இல் கட்டளை 9981 மூலம் படையில் இனப்பிரிப்பை நீக்கினார் (நீலம்). அதே வருடம் தென்மாநில ஜனநாயகக் கட்சிக்காரரில் ஒரு பகுதி பிரிந்து தனி வேட்பாளர் நிறுத்தியது. ஐசனோவர் 1957 இல் கறுப்பு மாணவரைப் பாடசாலைக்குள் அழைத்துச்செல்ல லிற்றில் றொக் நகருக்குப் படை அனுப்பினார் (சிவப்பு). லிண்டன் ஜோன்சன் 1964 சிவில் உரிமைகள் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம் (நீலம்). 1964 சட்டத்துக்குச் செனற்றில் ஜனநாயகக் கட்சியில் 46 ஆதரவு 21 எதிர்ப்பு, குடியரசுக் கட்சியில் 27 ஆதரவு 6 எதிர்ப்பு. எதிர்த்தவர்களுள் ஒருவரான கோல்ட்வாட்டர்தான் அந்த வருடக் குடியரசுக் கட்சி வேட்பாளர். அவர் வென்ற ஆறு மாநிலங்களில் ஐந்து ஆழத் தெற்கு. நூறு வருடமாக நீலமாக இருந்த தெற்கு சிவப்பாகத் தொடங்கிய இடம் மூன்றாவது அட்டையின் வலது ஓரம். அங்கே ஒரு அம்புக்குறி போடலாம்.

தீர்வை வரிசையில் மக்கின்லி 1897 இலும் ஹூவர் 1930 இலும் கூட்டினார்கள். வில்சன் 1913 இல் குறைத்தார். பிராங்ளின் ரூஸ்வெல்ற் 1934 இல் நாடுகளோடு பேசிக் குறைக்கும் வழியைத் திறந்தார். 1993 இல் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தகச் சட்டத்தில் கிளின்ரன் கையொப்பமிட்டபோது, பிரதிநிதிகள் சபையில் அவருடைய சொந்தக் கட்சியை விடக் குடியரசுக் கட்சிதான் கூட ஆதரவு கொடுத்தது. ட்ரம்ப் 2018 இல் உருக்குக்கு 25 சதவீதத் தீர்வை போட்டார். அது கட்சிக்குப் புதிதல்ல, மக்கின்லியின் பழைய பாதை.

வெளிநாட்டு வரிசை சுலபம். 1898 மக்கின்லி ஸ்பெயின், 1917 வில்சன் முதலாம் உலக யுத்தம், 1941 ரூஸ்வெல்ற் இரண்டாம் உலக யுத்தம், 1950 ட்றூமன் கொரியா, 1965 ஜோன்சன் வியட்நாம், 1972 நிக்சன் சீனப் பயணம், 2003 புஷ் ஈராக். யுத்தம் ஒரு கட்சியின் சொத்து என்று சொல்பவருக்கு இந்த வரிசையைக் காட்டுங்கள்.

எழுதியபின் ஒவ்வொரு சட்டத்துக்கும் பக்கத்தில் அப்போதைய காங்கிரஸ் யார் கையில் என்று பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். எங்கள் 1978 யாப்பில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைக்கலாம், ஆகவே ஜனாதிபதியின் கட்சிதான் எல்லாம் என்ற பழக்கம் பிள்ளைகளின் மனதில் இருக்கும். அமெரிக்க ஜனாதிபதி காங்கிரஸைக் கலைக்க முடியாது. ஐசனோவர் எட்டு வருடத்தில் ஆறு வருடமும், நிக்சனும் போர்டும் முழுக்காலமும் எதிர்க்கட்சிக் காங்கிரஸோடுதான் இருந்தார்கள். 1996 சமூகநலச் சீர்திருத்தத்தைக் கிளின்ரனின் பெட்டியில் எழுதும்போது சிவப்புப் புள்ளி இல்லாவிட்டால் அது அரை உண்மை.

கட்சி தாவியவர்களுக்குப் பெயருக்கு மேலே ஒரு சிறு நட்சத்திரம். றீகன் 1962 வரை ஜனநாயகக் கட்சிக்காரர். ஐசனோவருக்கு 1952 வரை கட்சியே இல்லை. ட்ரம்ப் 2001 முதல் 2009 வரை ஜனநாயகக் கட்சி வாக்காளராகப் பதிந்திருந்தார். பதவி முடிந்தபின் கட்சியை உடைத்தவர்களும் உண்டு. தியோடர் ரூஸ்வெல்ற் 1912 இல் முற்போக்குக் கட்சியில் கேட்டு 88 தேர்வாளர் வாக்கு எடுத்தார், பதவியில் இருந்த டாஃப்ற்றுக்கு 8 தான் கிடைத்தது. நடுவில் வில்சன் 435 உடன் வென்றார்.

தேர்வாளர் வாக்கு விளங்காதவருக்கு வன்னித் தேர்தல் மாவட்டத்தைக் காட்டலாம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்து ஆறு ஆசனம், விகிதப்படி பல கட்சிக்கும் பிரியும் (கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சேர்கிறது). நெவாடா மாநிலத்துக்கும் ஆறு தேர்வாளர்தான். ஆனால் ஒரு வாக்குக் கூடுதலாக எடுத்தவருக்கே ஆறும். 2020 இல் பைடனுக்கு, 2024 இல் ட்ரம்புக்கு. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மாநிலத்தில் மட்டும் வேறு முறை.

அடியில் உள்ள இலங்கை வரிசை

இந்த வரிசையைத்தான் பெரியவர்கள் வந்து நின்று வாசிப்பார்கள், ஆகவே கவனம். "ஜனநாயகக் கட்சி வந்தால் எங்களுக்கு நல்லது" என்ற பேச்சைச் சுவரில் ஏற்றாதீர்கள், நடந்ததை ஏற்றுங்கள். 1963: கெனடி காலம், எண்ணெய்க் கம்பனிகளை அரசு எடுத்ததற்காக இலங்கைக்கான உதவி நிறுத்தம். 1997: கிளின்ரன் காலம், விடுதலைப் புலிகள் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புப் பட்டியலில். 2012, 2013, 2014: ஒபாமா காலம், ஜெனீவாவில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானங்கள். 2018: ட்ரம்ப் காலம், மனித உரிமைகள் பேரவையிலிருந்து அமெரிக்கா விலகல். 2020: அதே ட்ரம்ப் காலம், இலங்கை இராணுவத் தளபதிக்கு அமெரிக்க நுழைவுத் தடை. 2025: இலங்கைப் பொருளுக்கு ஏப்ரலில் 44 சதவீதத் தீர்வை அறிவிப்பு, ஓகஸ்ற்றில் 20 சதவீதம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் பிள்ளைகள் உள்ள ஊரில் இந்தக் கடைசிப் பெட்டிக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒட்டுதல்

கோதுமை மாப் பசை வேண்டாம், கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். அட்டையின் நாலு மூலையிலும் நடுவிலும் ஓட்டை போட்டு, பின்னால் மரச்சட்டத்தில் கட்டுங்கள். சுவருக்கும் அட்டைக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும், கரையான் மண் ஏறினால் கண்ணில் படும். அடி ஓரம் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்குக் குறையக் கூடாது. யன்னலுக்கு எதிர்ச் சுவர் ஆகாது: காலபோக மழை சாய்ந்து அடிக்கும் பக்கம் நனையும், வெயில் படும் பக்கத்தில் பெல்ற் பேனை மை வெளிறிச் சிவப்பு இளஞ்சிவப்பாகிவிடும். நிறப் பட்டைக்கு நிறப் பென்சிலோ போஸ்ரர் வர்ணமோ கூடக்காலம் நிற்கும்.

கடைசி 4 செ.மீற்றரைப் பென்சிலில் விடுங்கள், 2029 இல் மை பிடிக்கலாம். 2028 நவம்பரில் முடிவு தெரிந்தவுடன் புதிய பெயரை எழுத அவசரப்படாதீர்கள், பெட்டி தொடங்குவது ஜனவரி 20. அதற்கு ஐந்தாவது அட்டை வேண்டும், அதே 60 செ.மீற்றர். சட்டத்தை அடிக்கும்போதே வலது பக்கத்தில் அந்த இடத்தை விட்டு அடியுங்கள்.